குழு முடிவுசெய்த வடிவமைப்பு: பழைய ஸ்டைல்ஷீட்டைத் தொடாமல் மொபைலுக்குச் சரிசெய்ய வழி?

வலைத்தறி:
ஊர்ச் சங்கத்தின் தளம். செயற்குழுத் தீர்மானப்படி மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, 1200 பிக்சல் பேனர், முகப்பில் அருகருகே மூன்று பத்தி. மூன்றையும் விட முடியாது. பழைய ஸ்டைல்ஷீட்டிலும் (பக்கத்தின் தோற்றத்தை எழுதிய சிஎஸ்எஸ் கோப்பு) கைவைக்கக் கூடாது. அதில் ஐடி செலக்டர்களும் (ஒரே உறுப்பைக் குறிப்பவை, மற்ற செலக்டர்களைவிட வலுவானவை) இம்பார்ட்டன்ட்டும் (ஒரு விதியை மற்றவற்றை மீறவைக்கும் குறி) ஏராளம். மொபைலில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது. இம்பார்ட்டன்ட்டுக்கு இம்பார்ட்டன்ட் போட்டுக்கொண்டே போகாமல் தீர்க்க முடியுமா?

அடுக்கு:
கேஸ்கேட் லேயர், அதாவது எந்த விதிக் கூட்டம் எதை வெல்லும் என்று அடுக்கிவைக்கும் சிஎஸ்எஸ் வசதி, இதற்கென்றே வந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 2022 முதல் உண்டு. பழைய கோப்பின் லிங்க் டேகை எடுத்துவிட்டு, உங்கள் கோப்பின் தலையிலேயே இம்போர்ட் விதி (வேறு கோப்பை உள்ளே கொண்டுவரும் வரி) எழுதி அதை 'பழையது' என்ற லேயருக்குள் கொண்டுவாருங்கள். இம்போர்ட்டுக்கு மேலே சாதாரண ஸ்டைல் விதி ஒன்று இருந்தாலும் பிரவுசர் அந்த இம்போர்ட்டை ஒதுக்கிவிடும். இனி லேயருக்கு வெளியே நீங்கள் எழுதும் ஒற்றை கிளாஸ் செலக்டரே (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயரால் குறிப்பது) பழைய ஐடி செலக்டரை வெல்லும்.

பலர் இடறுவது இம்பார்ட்டன்ட்டில். அங்கே வரிசை தலைகீழ்: முதலில் அறிவித்த லேயர் ஜெயிக்கும், லேயருக்கு வெளியே இருப்பது தோற்கும். ஆகவே 'பழையது'க்கும் முன்பாக 'திருத்தம்' என்று ஒரு லேயரை அறிவியுங்கள். பழைய கோப்பில் இம்பார்ட்டன்ட் உள்ள இடங்களுக்கு மட்டும் அதில் இம்பார்ட்டன்ட்டோடு மாற்று விதி எழுதினால் போதும்.

குழு சொன்ன நிறம், அகலம் எல்லாம் ரூட்டில் (பக்கத்தின் உச்சி உறுப்பு) வேரியபிள்களாக (பெயரிட்ட மதிப்புகள்) ஒரே இடத்தில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் மாறினால் அங்கே மட்டும் மாற்றலாம்.

நெடுங்கட்டம்:
பக்கவாட்டு நகர்வுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, 1200 பிக்சலை விட்த் (நிலையான அகலம்) ஆக எழுதியிருப்பது. அதை மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) ஆக்கி, விட்த் 100 சதவீதம் கொடுங்கள், தீர்மானமும் நிற்கும்.

இன்னொன்று, கிரிட்டில் (பத்திகளை அமைக்கும் கட்டம்) வெறும் மூன்று 1எஃப்ஆர் (மீதி இடத்தின் ஒரு பங்கு) எழுதியிருப்பது. அப்படி எழுதினால் பத்தி தன்னுள் உள்ள மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாது. 'பொதுக்குழுக்கூட்டத்தீர்மானங்கள்' மாதிரி ஒரு தலைப்பே பக்கத்தை வெளியே தள்ளிவிடும். ஆட்டோ-ஃபிட் (இடத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் பத்திகளை அமைப்பது) போட்டு, மின்மேக்ஸில் (பத்தியின் குறைந்த, கூடிய அளவைச் சொல்வது) குறைந்த அளவாக '100 சதவீதம், 20 ரெம் (அடிப்படை எழுத்தளவின் 20 மடங்கு) இரண்டில் சிறியது' என்று கொடுங்கள். கணினியில் மூன்று பத்தி, மொபைலில் ஒன்று. கூடவே ஓவர்ஃப்ளோ-ராப் (நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும் விதி) எனிவேர் என்று கொடுங்கள். அதே விதியில் பிரேக்-வேர்டு என்று கொடுத்தால் சொல்லை உடைக்குமே தவிர, குறைந்தபட்ச அகலக் கணக்கைக் குறைக்காது.

மெனுவுக்கு ஹைட் (நிலையான உயரம்) வேண்டாம்; மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) போடுங்கள், லைன்-ஹைட் (வரி உயரம்) 1.7 கொடுங்கள். இல்லாவிட்டால் 'கூ', 'மு' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படும்.

பேனர் படத்துக்குள் சங்கப் பெயர் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். 1200 பிக்சல் படம் 360 பிக்சல் திரைக்குச் சுருங்கும்போது 24 பிக்சல் எழுத்து 7 பிக்சலாகிவிடும், முதியவர்களால் படிக்கவே முடியாது.

நிறமாலை:
தூய சிவப்பு, தூய மஞ்சள் என்றால் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) 3.7:1 தான். டபிள்யூசிஏஜி (எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் வலை நெறிமுறை) ஏஏ நிலை சாதாரண எழுத்துக்கு 4.5:1 கேட்கிறது. சிவப்பை 176, பச்சை 0, நீலம் 0 என்று கருக்கினால் 6.9 வரும்; பார்வைக்குச் சிவப்பாகவே இருக்கும். தீர்மானத்தில் நிறத்தின் எண் எழுதியிருக்கிறதா, வெறும் 'சிவப்பு' என்றுதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இருந்தால் அந்தச் சிவப்பைத் தலைப்புகளுக்கு மட்டும் வையுங்கள்: 24 பிக்சலும் அதற்கு மேலும் 3:1 போதும்.