மணல் பை கட்டி ஓடினால் தரையில் வேகம் கூடுமா?

திருவல்லிக்கேணி இளைஞன்:
வணக்கம். காவலர் உடல்திறன் தேர்வுக்குத் தயாராகிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மூன்று மாதமாகக் காலை ஐந்து மணிக்கு உழைப்பாளர் சிலைக்குப் பின்னால், மெரினா மணலில், இரண்டு கணுக்காலிலும் அரைக்கிலோ மணல் பை கட்டிக்கொண்டு ஓடுகிறேன். பையை அவிழ்த்ததும் கால் பறக்கிறது. ஆனால் போன ஞாயிறு மைதானத்தில் ஓடிப் பார்த்தால் 7 நிமிடம் 20 வினாடி. மூன்று மாதத்துக்கு முன்பும் ஏறக்குறைய இதே நேரம்தான். எடையைக் கூட்டட்டுமா?

பி.டி. மாஸ்டர்:
கூட்டாதே தம்பி. முதலில் அந்தப் பையை அவிழ்த்து வை.

பாரம் இறங்கியதும் பறப்பதுபோல் தோன்றுவது உண்மை. ஆனால் அது உணர்வு மட்டும்தான். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் மட்டையில் கனமான வளையத்தை மாட்டிச் சுழற்றிப் பழகுவார்கள். கழற்றியதும் கை வேகமாக வீசுவதாகத் தோன்றும். அளந்து பார்த்தபோது வேகம் கூடவில்லை, குறைந்தும் இருந்தது.

மணலின் கதையும் கேள். தரையை உதைத்தால் அது உன்னைத் திருப்பித் தள்ளும். மணல் அந்த உதையை விழுங்கிவிடும். ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மூச்சும் கெண்டைக்காலும் உரமேறும், மறுக்கவில்லை. ஆனால் அடி மெதுவாகத்தான் விழும். மூன்று மாதமாக நீ மெதுவாக ஓடத்தான் பழகியிருக்கிறாய்.

மலையில் ஓடியவர்களுக்கும் இதே கதைதான். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்ஸிகோ நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரம். அதன் பிறகு நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் மலையில் பயிற்சி எடுத்தார்கள். காற்று மெலிந்த இடத்தில் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. அதனால்தான் மலையில் தங்கி, கீழே இறங்கி வேக ஓட்டம் ஓடும் முறை வந்தது.

நானும் ஒரு காலத்தில் பழைய காக்கித் துணியில் என் கையாலேயே பை தைத்து ஒரு மாணவனுக்குக் கட்டிவிட்டேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. தேர்வன்று இரண்டாவது சுற்றிலேயே நொண்டினான். அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து அவன் அப்பா தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் யார் காலிலும் பை கட்டவில்லை.

7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. நீ சுற்றுக்கு 1.46 (1 நிமிடம் 46 வினாடி) என்று ஐந்து சுற்று ஓடு, நடுவில் இரண்டு நிமிடம் நட. வாரம் இருமுறை போதும். மணலில் ஒருநாள், இருபது நிமிடம். அலையோர ஈர மணல் கெட்டியானது, ஆனால் சரிவு. போன வழியே திரும்பி வா, இல்லாவிட்டால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பெரம்பூர் அக்கா:
மாஸ்டர் சொல்வது சரி. ஆனால் வெயில் என்ற கஷ்டத்தை மட்டும் விட்டுவிடாதே தம்பி. பெண்களுக்கான 400 மீட்டருக்கு நானும் விடியற்காலையில் மட்டுமே பழகினேன். தேர்வில் என் முறை வந்தபோது மணி பதினொன்றரை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை இரண்டு வாரம் ஒன்பது மணி வெயிலில் மெதுவாக ஓடிப் பழகினேன். அதற்குள் வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், நெஞ்சு அவ்வளவாக அடித்துக்கொள்ளாது. உப்புப் போட்ட மோர் கையில் இருக்கட்டும். தலை சுற்றினால் அந்த நொடியே நிழலுக்குப் போய்விடு.

திருவல்லிக்கேணி இளைஞன்:
ஐயா, இன்று பையில்லாமல் ஓடினேன். 1.46, 1.47, 1.47, 1.51. ஐந்தாவது சுற்று 1.58. கால் கனக்கவில்லை, மூச்சுதான் முட்டியது. ஐந்தாவதை விட்டுவிடலாமா?

பி.டி. மாஸ்டர்:
விட்டுவிடு. 1.50ஐத் தாண்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், ஷூவைக் கழற்று. நான்கும் 1.47க்குள் வந்த பிறகு ஐந்தாவதைச் சேர்ப்போம். வியாழக்கிழமை நேரத்தை எழுது.