கால்ஃப் பட்டிங் பயிற்சி: ஒரே இடத்திலிருந்து நூறு பந்தா, ஒரே பந்தோடு ஒன்பது குழியா?

சமதளம்:
மூன்று மாதங்களாக வாரத்தில் 4 நாட்கள், பயிற்சி கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரை) 3 அடி தூரத்திலிருந்து 100 பந்துகளைக் குழிக்குள் உருட்டி அடித்து வருகிறேன். கால்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன் குழியைச் சுற்றி 3 அடியில் பந்துகளை வட்டமாக வைத்துப் பயிற்சி செய்ததை அறிந்துதான் இதைத் தொடங்கினேன். 3 அடியில் இப்போது தவறுவது அரிது. ஆனாலும் சென்ற ஞாயிறு ஆட்டத்தில் 5 கிரீன்களில் பந்தைக் குழியில் போட மும்மூன்று பட் (உருட்டும் அடி) ஆயிற்று. தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

காலைப்பனி:
உங்கள் உழைப்பில் குறையில்லை. அது நோய் இருக்கும் இடத்தைத் தொடவில்லை, அவ்வளவுதான். 30 அடியிலிருந்து அடித்த முதல் பந்து 7, 8 அடி முன்னதாகவே நின்றுவிட்டால், அமெரிக்காவின் பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடியில் ஏறத்தாழ பாதியைத்தான் போடுகிறார்கள் என்னும்போது, 3 அடிப் பயிற்சி உங்களுக்கு எப்படிக் கைகொடுக்கும்? ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, பயிற்சி கிரீனில் 9 குழிகளை வெவ்வேறு தூரங்களில் ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் நின்று சரிவைப் பாருங்கள். குழியைப் பார்த்தபடியே பட்டரை (பந்தை உருட்டும் மட்டை) இரண்டு முறை வெறுமனே வீசிப் பாருங்கள். நின்றதும் தயங்காமல் அடியுங்கள். ஆட்டத்தில் நூறாவது பந்து என்று ஒன்று கிடையாது, ஐயா. எல்லாமே முதல் பந்துதான்.

நேர்கோடு:
இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன். 10 அடியில் பட்டரின் முகம், அதாவது பந்தைத் தொடும் பக்கம், 1 டிகிரி திரும்பினாலே பந்து சுமார் 2 அங்குலம் விலகும். குழியின் விட்டம் 4¼ அங்குலம். நடுவிலிருந்து விளிம்பு வரை 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். 2 டிகிரி போனால் குழியே இல்லை. பட்டரின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு இருபுறமும் ஒவ்வொரு டீயை (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி) ஊன்றி, அந்த கேட்டுக்குள் அடிக்கும் பயிற்சியை டைகர் உட்ஸ் தொடர்ந்து செய்துவந்ததற்குக் காரணம் உண்டு. பந்து நீங்கள் நினைத்த கோட்டில்தான் புறப்பட்டதா என்பது தெரியாவிட்டால், குழி தவறியதற்குச் சரிவைத் தவறாகக் கணித்தது காரணமா, கை காரணமா என்பதை எந்த நாளும் அறிய முடியாது. ஒன்பது குழி ஆடி ஒன்பது முறை குழம்புவதில் என்ன பயன்?

காலைப்பனி:
கணக்கு சரி, ஆனால் அது வேகத்தை விட்டுவிட்டது. விளிம்பில் உயிர் அடங்கும் பந்துக்குக் குழி முழு அகலமும் திறந்திருக்கும். வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டுமே குழி. வேகமோ நாளுக்கு நாள், ஏன், மணிக்கு மணி மாறும். விடியற்காலையில் பனி படிந்த கிரீனில் நின்றுவிடும் அதே அடி, வெயில் ஏறிப் புல் காய்ந்ததும் குழியைத் தாண்டி ஓடும். இதை கேட் கற்றுத் தராது. சரிவா, கையா என்று நேர்கோடு கேட்ட கேள்விக்கும் ஒரு வழி சொல்கிறேன்: பனி இருக்கும்போதே பயிற்சிக்குப் போங்கள். பந்து போன வழி புல்லில் கரும்பச்சைக் கோடாகப் பதிந்திருக்கும். எங்கே புறப்பட்டது, எங்கே வளைந்தது, எங்கே வேகம் அடங்கியது, மூன்றும் அதில் தெரியும்.

சமதளம்:
இன்று காலை 6 மணிக்கே போய்ச் செய்து பார்த்தேன். 9 குழிகளில் 20 பட். மூன்று பட் ஆனது இரண்டே இடங்களில். இரண்டிலும் கோடு குழியை நோக்கித்தான் போயிருந்தது, பாதியிலேயே நின்றிருந்தது. ஆனால் வலச்சரிவில் அடித்த நான்கு பந்துகளின் கோடுகளும் முதல் சாணிலேயே நான் குறித்த இடத்துக்கு இடப்புறமாக விலகியிருந்தன.

நேர்கோடு:
அந்த நான்கு கோடுகளைத்தான் நான் சொல்லிவருகிறேன். தொடக்கத்தில் கேட் வைத்து 10 நிமிடம் அடியுங்கள். பிறகு அவர் சொன்ன ஒற்றைப் பந்தை எடுங்கள்.

காலைப்பனி:
பயிற்சி நாட்களில் ஒப்புக்கொள்கிறேன். போட்டி நாளன்று வேண்டாம். இரண்டு டீக்களுக்கு நடுவே அடித்துவிட்டு முதல் கிரீனுக்குப் போகிறவரின் கண் பட்டரையே பார்க்கும், குழியைப் பார்க்காது. அன்றைக்கு 30 அடியில் நான்கைந்து பந்துகளை அடித்து, கிரீனின் வேகத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

நேர்கோடு:
போட்டி நாளில்தான் முகம் திரும்பும். நான் கேட்டை எடுக்க மாட்டேன்.