10.00-20 டியூப் டயர்: பஞ்சர் போட்டும் மறுபடி காத்து இறங்குது, ஓட்டை ரிம் பக்கம்

சங்ககிரி_லோடு:
பின் ஜோடியில் உள் டயர். 10.00-20, 16 பிளை நைலான், மூணு பீஸ் ரிம் (ஓர ரிங்குகள் தனியா கழட்டி மாட்டுற மாதிரி). பஞ்சர் போட்டு மாட்டினா ரெண்டு மூணு நாள்ல காத்து இறங்கிடுது. டயருக்குள்ள கை விட்டுத் தடவியாச்சு, ஆணி கம்பி எதுவும் இல்லை. ஓட்டை ஒவ்வொரு தடவையும் டியூபின் உள்வட்டத்தில்தான் வருது. டியூப் மாத்தினா சரியாகுமா?

டயர்பட்டறை:
உள்வட்டத்தில் ஓட்டைன்னா பிளாப்பையும் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவுல போடுற ரப்பர் பட்டை) ரிம்மையும் பாருங்க. பழைய பிளாப் ஓரம் இறுகி, மடிஞ்சு, அந்த விளிம்பே டியூபை அறுக்கும். ஓரம் மெலிசா, வளைஞ்சு கொடுக்கணும்; வெடிப்போ அலையலையா சுருக்கமோ இருந்தா புதுசு போடுங்க. ரிம்மில் துரு செதில் இருந்தா கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு பெயின்ட் அடிச்சு, நல்லா காய்ஞ்சப்புறம் மாட்டுங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன ஓட்டைன்னா அது டயர் மாட்டுற லீவர் கடிச்சது.

பஞ்சர் ஒட்டுறதுலயும் அவசரம் கூடாது. சொல்யூஷன் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயணும். பழைய ஒட்டு மேல பாதி ஏறின மாதிரி புது ஒட்டுப் போட்டா ஓரம் தூக்கிக்கும். சூட்டு ஒட்டுன்னா ஆறினப்புறம்தான் கிளாம்பைக் கழட்டணும். வால்வு அடியில் கிழிஞ்ச டியூபை ஒட்டிப் பிரயோசனம் இல்லை.

ரிம்_ரிங்:
வீல் நட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஜோடியில் ரெண்டு டயரின் வால்வு பின்னையும் கழட்டி, காத்தை முழுசா இறக்குங்க. ரிம்மோ ரிங்கோ விரிசல் விட்டிருந்தா, நட்டு இறுக்கம்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். நட்டு தளரும்போது ரிங் தெறிச்சா உயிர் போயிடும்.

டியூபில் கொஞ்சம் காத்து வெச்சு, மெலிசா பவுடர் தடவி உள்ளே போடுங்க. பிளாப் மடியாம வால்வை நடுவுல இறக்குங்க. ரிங் தெறிச்சா தடுக்குற இரும்புக் கூண்டுக்குள்ள வெச்சு, நீள ஓஸில் வால்வைப் பிடிச்சுக்கிற கிளிப் மாட்டி, ரிங்குக்கு நேரா நிக்காம காத்து அடிங்க. முழுசா அடிச்சு, பின்னைக் கழட்டி மொத்தமா இறக்கி, திரும்ப அடிக்கணும். டியூப் சுருக்கம் அப்பதான் விரியும். ரிங் சரியா உக்காரலைன்னா காத்தை இறக்கிட்டுத்தான் திரும்ப மாட்டணும். காத்து இருக்கும்போது சுத்தியல் படவே கூடாது. வளைஞ்ச ரிங்கை வெல்டிங் வெச்சு ஓட்டாதீங்க, வேற ரிம்மோட ரிங்கையும் மாத்திப் போடாதீங்க.

டியூபுக்கும் டயருக்கும் நடுவுல சிக்கின காத்து வால்வு துளை வழியா மெதுவா வெளியேறும். அதனால மறுநாள் அளவு கொஞ்சம் குறைஞ்சா பஞ்சர்னு உடனே கழட்ட வேண்டாம். சரி பண்ணி அடிச்சு, அப்புறமும் இறங்குதான்னு பாருங்க.

சங்ககிரி_லோடு:
பிளாப் ஓரம் வெடிச்சுத்தான் இருக்கு. டியூபில் ரெண்டு ஒட்டு. அதையே போடலாமா?

டயர்பட்டறை:
ஒட்டு ரெண்டுங்கிறது பிரச்சினை இல்லை. அதே சைஸ் புது டியூபைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பழசு பெருத்திருந்தா உள்ளே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே தேய்ஞ்சு ஓட்டையாகும். அப்படின்னா பிளாப்போட சேர்த்து டியூபையும் மாத்திடுங்க.