டகோட்டாவின் இறக்கை முறுக்கிக்கொள்கிறது, உதவுங்கள்

வணக்கம். மகளுக்காக டி.சி.-3 டகோட்டா விமானத்தை 1:100 அளவில், பற்பசை, ஓட்ஸ் அட்டைப்பெட்டிகளை வெட்டிச் செய்கிறேன். நிஜ இறக்கை சுமார் 29 மீட்டர், என்னுடையது 29 செ.மீ. ஒட்டும்போது நேராக இருக்கிறது. காலையில் பார்த்தால் இடது நுனி ஒரு விரல் கனத்துக்கு முறுக்கி நிற்கிறது. டகோட்டாவுக்கு வெளி இறக்கை லேசாக மேலேறித்தான் இருக்கும், ஆனால் இது அது இல்லை.

ஊர் தூத்துக்குடி, மூன்று வாரமாக இதே கதை. வெள்ளைப் பசை, அட்டையின் சாம்பல் பக்கம் உள்ளே. ராத்திரி முழுக்க அகராதியைப் பாரமாக வைத்தேன். உள்ளே ஐந்து குறுக்குத் துண்டுகள் கொடுத்தேன். அட்டையின் காகித இழை இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டியதில் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் பழையபடிதான்.

இரண்டு அட்டைகளைச் சாம்பல் பக்கங்கள் சேர ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டினால் முறுக்கு நிற்குமா?