புதுப்பிப்பு: மண்டபம் மீன் ஷெட்டில் ஒயர் சூடான விஷயம்

போன மாதம் எழுதியிருந்தேன்: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் மீன் ஷெட்டில் நான்கு பெரிய பிரீசர்களுக்குப் போகும் ஒயர்கள் பயங்கரமாகச் சூடாகின்றன, 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) ஒன்றுகூட டிரிப் ஆகவில்லை என்று. ஒயர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். இல்லை, ஒயர் நல்லதுதான். நான்கு சர்க்யூட்டையும் ஒரே பைப்பில் இழுத்ததுதான் தப்பு.

2.5 சதுர மி.மீ. பிவிசி காப்பர் ஒயர், சுவர்மேல் போகும் பைப்புக்குள் ஒரே சர்க்யூட்டாக இருந்தால் 24 ஆம்பியர் தாங்கும். அதுவும் 30 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நான்கு சர்க்யூட் சேர்ந்தால் ஒன்றின் சூடு மற்றதிலும் ஏறும், அதனால் ஐஇசி 60364-5-52 என்ற சர்வதேச வயரிங் தரநிலையின் அட்டவணைப்படி அந்த 24-ஐ 0.65-ஆல் பெருக்க வேண்டும். நம்ம ஊர் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி என்று வைத்தாலே இன்னொரு 0.87. மிஞ்சுவது 13.6 ஆம்பியர். ஒவ்வொரு லைனிலும் ஓடுவதோ 15. 20-ஐத் தாண்டாததால் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, ஒயர்தான் உள்ளுக்குள் வேகும்.

பைப்பை அறுத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. ஓரத்து ஒயர்கள் புதுசாகவே இருந்தன. நடுவில் மாட்டிய சிவப்பு ஒயரின் தோல் பழுப்பேறி, வளைத்ததும் விரிசல் விட்டது.

இப்போது 4 சதுர மி.மீ. ஒயர், பைப்புக்கு இரண்டே சர்க்யூட், பைப்புகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. இந்த ஒயர் தனியாக இருந்தால் 32 ஆம்பியர் தாங்கும், இரண்டு சர்க்யூட்டுக்கு 0.80, வெப்பத்துக்கு 0.87; 32 × 0.80 × 0.87 போட்டால் 22 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அப்படியே இருக்கலாம். பைப்புக்குள் இருக்கும் ஒயர்களைக் கணக்கிடும்போது எர்த்தையும் எண்ண வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், லோடு சுமக்கும் ஒயர்கள் மட்டும்தான்.

அப்புறம், உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்திருந்தன. அவற்றையும் மாற்றிவிட்டோம்.