அபர்டீன்ஷயர் உழவர் ஒருவரின் பெற்றோரைக் கண்டறிவது எப்படி?

கேள்வி:
என் தாய்வழிப் பாட்டனாரின் பாட்டனார் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பண்ணையாளாக ஏர் ஓட்டியவர். அவருடைய வயது 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 30 என்றும், 1851இல் 44 என்றும் உள்ளது; 1868இல் காலமானார். பிறந்த ஊராக 1851 ஏட்டில் காணும் பாரிஷின் (திருச்சபையின் உள்ளூர் வட்டாரம்) ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால், அடுத்த பாரிஷில் அதே பெயரில் 1811இல் பிறந்த ஒரு குழந்தை இருக்கிறது. அக்குழந்தையையே எங்கள் முன்னோராகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம், ஐயா. 1841இல் பதினைந்தைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவதே வழக்கமாக இருந்தது. ஆகவே 30 என்பது 34ஆகவும் இருக்கலாம். 1851இன் 44 சரியென்றால் அவர் பிறந்தது 1806 அல்லது 1807.

அவர் 1855க்குப் பின் இறந்தது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. அவ்வாண்டு ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு கட்டாயமாயிற்று. இறப்புப் பதிவில் தந்தையின் பெயரும் தொழிலும் மட்டுமன்றி, தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்பட்டது. அக்கால இங்கிலாந்துப் பதிவுகளில் இந்த விவரம் கிடையாது. ஸ்காட்லாந்து அரசின் பழைய பதிவேடுகள் கிடைக்கும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி அந்தப் பக்கத்தின் படத்தைப் பெறுங்கள். தகவல் தந்தவர் யார் என்பதையும் பாருங்கள். தாத்தா பாட்டியின் பெயரை மகன் அறிந்திருப்பார், அண்டை வீட்டார் ஊகித்தே சொல்லியிருக்கக்கூடும்.

மறுமொழி 2:
ஞானஸ்நானப் பதிவு இல்லாததை வைத்து ஊரே தவறு என்று முடிவு கட்டாதீர்கள். பழைய பாரிஷ் பதிவேடுகள் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு உரியவை. அபர்டீன்ஷயரில் கணிசமாக இருந்த எபிஸ்கோபல் சபையார் (ஆயர்களின் தலைமையை ஏற்ற தனிச் சபையினர்) பலரின் பெயர் அவற்றில் ஏறவில்லை. பண்ணையாட்களோ மே மாதமும் நவம்பரும் வரும், வேலை ஒப்பந்தம் முடியும் தவணை நாட்களில் பண்ணை மாறியவர்கள், எனவே உடன்பிறந்தோர் வெவ்வேறு பாரிஷ்களில் பிறந்திருக்கலாம். திருச்சபை மூப்பர் குழுவின் குறிப்பேடுகளையும் தேடுங்கள். மணமாகாமல் பிறந்த குழந்தையின் தந்தை யார் என்று விசாரித்த செய்தி அவற்றில் விரிவாகவே இருக்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை இடும் வழக்கம் ஒரு தடயம்தான், சான்று அல்ல.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இறப்புப் பதிவின் படம் கிடைத்தது. தகவல் தந்தவர் மூத்த மகன்; எழுதத் தெரியாததால் கையெழுத்திடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறார், அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவருடைய தாயின் குடும்பப் பெயர் தெளிவாக உள்ளது. 1811ஆம் ஆண்டுக் குழந்தையின் தாய் வேறொருவர். இனி இறப்புப் பதிவில் கண்ட பெற்றோரின் மற்றப் பிள்ளைகளைச் சுற்றுவட்டாரப் பாரிஷ்களில் தேடப் போகிறேன்.