தஞ்சை மாமாவின் ஒப்புதல் படிவம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

*தஞ்சை அத்தை, காலை 7:10*
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மாமாவைப் பார்க்கும் இதய மருத்துவர், இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கான புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, தமிழில் அச்சிட்ட தாள்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மாமாவின் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, அதற்குக் கீழே நாமினியின் பெயரையும் முகவரியையும் உறவுமுறையையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வினால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு வழங்குவதற்காக என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

*கோவை அண்ணன், 7:24*
அத்தை, தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளிலேயே மாமா ஓரளவு நன்றாக இருக்கும்போது, அவரை வைத்து மருந்தைச் சோதித்துப் பார்க்க நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

*மலர்விழி, 8:05*
அத்தை, அந்த நாமினிக் கட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நடக்கும் மருந்து ஆய்வுகளின் படிவங்களிலும் அது உண்டு, ஏனென்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மாமாவின் உடல்நிலையைப் பற்றி மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும், ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. கடுமையான பாதிப்பு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் மருத்துவர் தெரிவித்தாக வேண்டும்.
அண்ணா, உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் படித்துப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வதும், மருத்துவர் கேட்டுவிட்டார் என்பதற்காகக் கையெழுத்துப் போடுவதும் இரண்டுமே மாமாவுக்குச் செய்யும் அநீதி.

*திருச்சி சித்தப்பா, 8:31*
மலர் சொல்வது சரி. இன்றைக்குக் காசநோய் வந்தவர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், அதற்கு நம் சென்னை மக்கள் சேர்ந்த ஓர் ஆய்வும் ஒரு காரணம். நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் வைத்தால்தான் நுரையீரல் தேறும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவர்களுடைய நெரிசலான சிறு வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959இல் வெளியான முடிவு காட்டியது. அந்த ஏழை ஜனங்கள் சம்மதித்திருக்காவிட்டால் இது நமக்குத் தெரிய வந்திருக்குமா?

*தஞ்சை மாமா, 9:02*
மாப்பிள்ளை, நீங்கள் சொல்வது மனத்துக்குத் தெம்பாக இருக்கிறது. எனக்கு உள்ள சந்தேகம் வேறு. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்களாம், யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாதாம். சென்னைக்குப் போய்ச் சும்மா மாத்திரையை வாங்கி வருவதற்கு நான் எதற்கு?

*மலர்விழி, 9:40*
மாமா, முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அப்படியே தொடருமா என்பதைத்தான். நீங்கள் அனுப்பிய படங்களில் நான்காம் பக்கத்தில் தொடரும் என்றே எழுதியிருக்கிறது. புதிய மாத்திரையோ மருந்தில்லா மாத்திரையோ அவற்றோடு கூடுதலாகத்தான் வரும்.
ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதய மருத்துவத்திலேயே சான்று இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் சிலருக்குத் துடிப்பு தாறுமாறாக வரும். அதை அடக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்று அமெரிக்க மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த மருந்துகளை மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டபோது, துடிப்பு அடங்கியது உண்மை, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களிடையேதான் இறப்பு அதிகமாக இருந்தது. அதனால் 1989இல் அவற்றில் இரண்டு மருந்துகளை நிறுத்தினார்கள். மருந்தில்லா மாத்திரை பெற்ற பிரிவு இல்லாமல் போயிருந்தால், அந்த இறப்புகளையெல்லாம் நோயின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.
முதல் பக்கத்தின் மேலே சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். நம் நாட்டில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டின் எண் அது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம்.

*கோவை அண்ணன், 10:15*
மலர், இதையும் பார். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு வேலூரில் மரபணுச் சிகிச்சை ஆய்வு நடப்பதாகவும், முன்பணம் கட்டினால் இடம் பிடித்துத் தருவதாகவும் என் நண்பருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அவருடைய மகனுக்கு எட்டு வயது.

*மலர்விழி, 10:28*
அண்ணா, அவரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். ஆய்வுக்கான செலவை ஆய்வில் சேர்பவரிடம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறை. வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வு உண்மையானது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு அவர்களுடைய ரத்த மூல அணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியதையும், கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்பதையும் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள். அந்த உண்மைச் செய்தியை வைத்து யாரோ பணம் பறிக்கப் பார்க்கிறார்கள். மகனைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடமே நண்பர் நேரில் கேட்கட்டும்.

*மலர்விழி, பகல் 1:50*
மாமா, எண்ணைப் போட்டுப் பதிவேட்டில் பார்த்துவிட்டேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்கின்றன, ஆள் சேர்ப்பும் இன்னும் முடியவில்லை. மூன்றாம் கட்ட ஆய்வு என்பதால், இந்த மருந்தை மனிதர்கள் முதன்முறையாகச் சாப்பிடப் போவதில்லை. ஆய்வு நடக்கும் இடங்களில் திருச்சி மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. சேர்வதாக இருந்தால், சென்னைக்குப் பதில் அங்கே போகலாமா என்று கேளுங்கள்.
ஆனால் சிறுநீரகம் ஓர் அளவுக்கு மேல் பழுதானவர்களைச் சேர்ப்பதில்லை என்று அதில் இருக்கிறது. போன மாதம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் உங்கள் கிரியாட்டினின் அளவு கூடியிருந்ததே, அந்த அறிக்கையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமே என்று அதை மறைக்கக் கூடாது, அந்த விதி உங்களைக் காப்பதற்காக இருப்பது.

*தஞ்சை அத்தை, 2:20*
சேர்ந்த பிறகு இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுவார்களா, மலர்? மருத்துவர் கோபித்துக்கொண்டு, இனி என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

*மலர்விழி, 2:31*
எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம் அத்தை, அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. யாராவது முகம் சுளித்தால், நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், விலகும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

*தஞ்சை மாமா, மாலை 6:45*
எல்லாத் தாள்களையும் மறுபடி நிதானமாகப் படித்தேன். திங்கட்கிழமை மருத்துவரிடம், திருச்சியிலேயே சேர முடியுமா, போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள், ஆய்வு முடிந்தபின் மருந்து எனக்குப் பயன்பட்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டு, அதன் பிறகே முடிவு செய்வேன். அதுவரை யாரும் அத்தையிடம் போன் செய்து சேரச் சொல்லியோ வேண்டாமென்றோ வற்புறுத்த வேண்டாம். மாப்பிள்ளை, அன்றைக்கு நீங்களும் கூட வர முடியுமா?

*திருச்சி சித்தப்பா, 6:52*
கட்டாயம் வருகிறேன் மாமா. கிரியாட்டினின் அறிக்கையையும் கடைசியாக எடுத்த எக்கோ என்னும் இதய ஸ்கேனையும் அக்காவிடம் சொல்லி ஒரே உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.